மாமனார் எடை போட்ட சைக்கிள்

என் அலுவலகம் திருச்சுழியில். அருப்புக்கோட்டை வீட்டிலிருந்து கிழக்கே சைக்கிள் மிதிக்க வேண்டும். ஆடி மாதத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் அலுவலகத்துக்குப் போகும்போது காற்று என் முதுகிலும், திரும்பும்போது முகத்திலும் இருக்கும். காலையில் எழுத்தராகப் போன நான் மாலையில் மூட்டை சுமந்தவனைப் போல வீடு திரும்புவேன். பஸ் உண்டு. அலுவலகம் விடுகிற நேரத்துக்குத்தான் இல்லை.

காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. என் சைக்கிளும் ஒரு காரணம். இரட்டை பார், பெரிய கேரியர், இரண்டு பக்கமும் கால் ஊன்றும் ஸ்டாண்டு, செயினை முழுக்க மூடிய தகரக் கவர், டைனமோ என்று ஒரு வீட்டுக்குத் தேவையான இரும்பு அவ்வளவும் அதில் இருந்தது. முழங்கால் வலி ஆரம்பித்த வருடம், எடை குறைந்த சைக்கிள் ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தேன்.

அதில் ஒரு சிக்கல். பழைய சைக்கிள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. அவர் காரியாபட்டியில் மிளகாய் வத்தல் வியாபாரி. என் வீட்டுக்கு வந்தால் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னால் சைக்கிளைத்தான் பார்ப்பார். டயரை அமுக்கி, சீட்டில் தட்டி, "இன்னும் முப்பது வருசத்துக்கு அசையாது மாப்ள" என்பார். எனக்கு அதுதான் பயம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "தாராளமா வாங்குங்க. ஆனா எங்கப்பா மனசு கோணக்கூடாது. கோணும்னா வாங்காதீக" என்றாள். கோணாமல் வாங்குவதற்கு ஒரே வழி, அவரையே கூட்டிப்போய் வாங்குவது என்று முடிவு செய்தேன். யோசித்து எடுத்த முடிவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. பைக்குள் கொக்கித் தராசு. ஊர் ஊராகப் போய் வத்தல் எடுக்கும்போது சாக்கைத் தொங்கவிட்டு நிறுப்பாரே, அது.

"தராசு எதுக்கு மாமா?"

"எடை கொறஞ்ச வண்டின்னுதான சொன்னீக? கடைக்காரன் வாய்ச்சொல்ல நம்பியா வாங்குறது?"

பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஜாருக்குப் போனோம். கடையில் மூன்று விதம் இருந்தது. முதலாவதின் ஹேண்டில்பார் ஆட்டுக்கிடாவின் கொம்பு போலக் கீழே வளைந்திருந்தது. மாமனார் குனிந்து பிடித்துப் பார்த்து, "இதுல போனா தொலைச்ச காசத் தேடிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்" என்றார். இரண்டாவது, அப்போது பையன்களிடம் பிரபலமாகிவந்த தடித்த டயர் வண்டி. தார் ரோட்டில் அது உறுமிக்கொண்டு ஓடும், மிதிப்பவனுக்கு மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதுதான் நான் தேடியது. மெல்லிய டயர், நேரான ஹேண்டில்பார், கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை.

மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கைப்பிடிய வளைக்க மறந்துட்டாங்ஙளா?"

"மாடலே அப்பிடித்தான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

"மாப்ள, நீங்களே ஒல்லி. வண்டியும் ஒல்லின்னா ஆடிக் காத்து என்ன பண்ணும்? திருச்சுழில எறங்க வேண்டிய ஆளு, அதையும் தாண்டிப் பரளச்சில போய்த்தான் எறங்குவீக."

பிறகு கடையின் உத்தரத்தில் தராசைக் கட்டி, வண்டியைக் கொக்கியில் மாட்டினார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. விலையைக் கேட்டார். கடைக்காரர் சொன்னார். கனமான வண்டியைவிட அதிகம்.

"எடை கொறையக் கொறைய வெலை ஏறுதா? நாப்பது வருசமா யாவாரம் பாக்குறேன், இப்பிடி ஒரு சரக்கக் கண்டதில்ல. சைக்கிள் விக்கிறீகளா, இல்லாத இரும்ப விக்கிறீகளா?"

அதே வேகத்தில் பழைய சைக்கிளையும் தொங்கவிட்டார். நாங்கள் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் உத்தரம் முனகியது. "பாருங்க, இதுல எம்புட்டுச் சரக்கு!" என்று மாமனார் முகம் மலர்ந்தார்.

கடைக்காரர்தான் பதில் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க வத்தல் யாவாரி. ஈர வத்தலும் காஞ்ச வத்தலும் ஒரே வெலைக்கா எடுப்பீக? ஈரத்துல கனம் இருக்கும், வெலை இருக்காது. காஞ்சது கையில எடுத்தா பஞ்சு மாதிரி இருக்கும், வெலை நிக்கும். இது காஞ்ச வத்தலு."

எவ்வளவு பொருத்தமான விளக்கம் என்று நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். அவர் தராசில் தொங்கிக்கொண்டிருந்த பழைய சைக்கிளைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப, கல்யாணத்துக்கு நா குடுத்தது ஈர வத்தலா?"

கடைக்காரர் பம்ப்பைத் துடைக்க ஆரம்பித்தார். ஈரச் சரக்கு கொடுத்தவர் என்ற பெயர் அந்த வியாபாரத்தில் எப்பேர்ப்பட்ட இழுக்கு என்று எனக்குத் தெரியும். மனைவியின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. "வேண்டாம் மாமா, பழசே நல்லாத்தான் ஓடுது. முப்பது வருசத்துக்கு அசையாது" என்றேன்.

"சும்மா இருங்க மாப்ள. ஈரம்னு சரக்குத் திரும்பி வந்தா நா வாக்குவாதம் பண்ணுறதில்ல. பழசத் திருப்பி எடுத்துக்குவேன், நல்லதக் குடுத்துருவேன். எங்கடைப் பழக்கம் அது."

"பத்து வருசத்துக்கு மேல ஓட்டியாச்சே மாமா!"

"எத்தன வருசம் ஆனா என்ன? என் சரக்கு என் சரக்குதான்."

பணத்தை அவரே கொடுத்தார். நான் நீட்டியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. திரும்ப எடுத்த சரக்கைத் தானே ஓட்டிப்போவதாகச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டினார். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "வயசான மனுசர் தனியா அம்புட்டுத் தூரம் போறதா? நீங்களும் கூடப் போங்க" என்றாள்.

அப்படித்தான் புது வண்டியின் முதல் பயணம் காரியாபட்டிக்கு அமைந்தது. காற்று பக்கவாட்டில் அடித்தது. மாமனார் முன்னால் கிறீச்சிட்டுக்கொண்டே போனார். என் வண்டி லேசாக மிதித்தாலே அவரைத் தாண்டிவிடும். மாமனாரை முந்துவது முறையல்ல என்பதால் பிரேக்கைப் பிடித்தபடியே பின்னால் ஊர்ந்தேன்.

பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். சட்டை நனைந்திருந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, குடுக்குற சரக்க ஒருவாட்டி நானும் பாக்கணும்ல? கொஞ்சத் தூரம் மாத்திக்குவமா?"

மாற்றிக்கொண்டோம். பழக்கத்தில் பின்பக்கம் காலை உயரமாகத் தூக்கிப் போட்டார். தடுக்கக் கேரியர் இல்லாததால் கால் வேகமாகப் போய் மறுபக்கம் இறங்கிவிட்டது. இரண்டாம் தடவை சரியாக ஏறினார். அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் காற்றில் உப்பிய ஒரு வெள்ளைச் சட்டை. அது சிறிதாகிக்கொண்டே போய் மறைந்தது. கொஞ்சத் தூரம் என்று அவர் சொன்னது காரியாபட்டி வரைக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குளித்து முடித்து, திருநீறு பூசி, கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டு இல்லாத புது வண்டி வத்தல் மூட்டைமேல் சாய்ந்திருந்தது.

"ஏன் மாப்ள, லேட்டு?"

மூச்சு வாங்கியபடி வண்டியை விட்டு இறங்கினேன். அவர் என் கையிலிருந்து பழைய சைக்கிளை வாங்கி, உடனே அதன் கேரியரில் ஒரு மூட்டையை ஏற்றிக் கட்டச் சொன்னார். வண்டி அசையவில்லை. "இது ஈரமில்ல. இது லோடு வண்டி. கடைக்கு வரவேண்டியத நாந்தான் ஆள் மாத்திக் குடுத்துட்டேன்" என்றார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"புது வண்டி எப்பிடி மாமா?"

"ஒரே ஒரு கொறை. பெல்லு இல்ல. வழியில தெரிஞ்ச ஆளு எம்புட்டுப் பேரு! நா தாண்டிப் போனதே ஒருத்தனுக்கும் தெரியல."

சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்ற வந்தார். வண்டியைக் கூரையில் போட, கிளீனர் மேலே ஏறிக் கை நீட்டினார். மாமனார் ஒற்றைக் கையால் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கினார். கிளீனர் பிடித்துக்கொண்டு இழுத்தார், அது வரவில்லை. மாமனார் விடவில்லை.

"விடுங்க அண்ணாச்சி, நேரமாச்சு!"

"இருப்பா" என்றார் மாமனார், சந்தைப் பக்கம் திரும்பியபடி. "ரெண்டு பேரு பாக்கட்டும்."