எரிமலைத் தீவில் ஜெனரல் ஷிப்ட்

“ஆட்டைப் பார்க்கவாக்கா மூணு நாளு வாந்தி எடுத்துக்கினு வந்தோம்? குள்ளஞ்சாவடி சந்தைக்கு பஸ் ஏறுனா இதைவிடக் கொழுத்ததா நூறு பார்க்கலாமே!”

பக்கத்து குவார்ட்டர்ஸ் சரோஜா இப்படிக் கத்தியது அந்தமான் கடலில், பாரன் தீவு என்கிற எரிமலைக்கு எதிரே. குடும்பங்களை ஊர் சுற்ற அழைத்துப் போகும் உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, பழி மட்டும் நாள் தவறாமல் வரும். அனுபவப்பட்ட சகோதரிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

கம்பெனி செலவில் ஊர் சுற்றும் இந்த எல்.டி.சி.க்குக் காசி போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். அந்தமான்தான் என்று பிடிவாதம் பிடித்தது நான். நார்கொண்டம் என்றொரு தீவு. அங்கே ஓர் இருவாச்சிப் பறவை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கான்வென்ட்டில் படித்த காலத்திலிருந்து அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அடுத்த எல்.டி.சி. வருவதற்குள் மகளுக்குக் கல்யாணம் வரும், எனக்கு மூட்டுவலி வரும். காசி எங்கே ஓடிப்போகிறது? அதனால்தான் போர்ட் பிளேரிலிருந்து தீவுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் சின்னக் கப்பலில் எங்கள் இரண்டு ஜோடியும் தொற்றிக்கொண்டோம்.

புகையில்லாத எரிமலை

கரையில் மேய்ந்த அந்த ஆடுகள் எப்போதோ யாரோ விட்டுப்போனவை, ஆளில்லாத தீவில் காட்டாடாகிவிட்டன, இதுவும் வனவிலங்குதான் என்று விளக்கினேன். யார் கேட்டார்கள்? மைன்ஸில் இருபது வருஷம் மண் வெட்டிய என்னவர் கண்ணுக்கு, எரிமலையின் கறுப்புச் சரிவு சுரங்கத்து மண்மேடாகத்தான் தெரிந்தது. நம்ம பெரிய மெஷின் ஒன்றை இறக்கினால் எத்தனை மாதத்தில் மட்டமாக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சரோஜாவின் வீட்டுக்காரர் கலியபெருமாளுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. உச்சியையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பாய்லர் ஷட்டவுன் போலருக்கு. நம்ம தெர்மல்ல இதைவிட நல்லாப் புகை வரும்.”

டால்பினுக்கு லாக் புக்

நார்கொண்டம் மறுநாள்தான். அதுவரை கடலைக் கவனிக்க ஆண்கள் இருவரும் ஷிப்ட் போட்டுக்கொண்டார்கள். ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. ரிலீவர் வந்து கையெழுத்துப் போடாமல் முந்தின ஆள் நகரக் கூடாது. நான் எந்த ஷிப்ட்டிலும் இல்லை. கீழே சரோஜாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழம் முகர வைத்துக்கொண்டிருந்தேன்.

ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து டால்பின் கூட்டம் ஒன்று கப்பலை ஒட்டித் துள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் நோட்டில் குனிந்து, ‘பார்த்தது ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தார்களாம். கப்பல்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு குரல் கொடுத்திருந்தால் நானாவது ஓடி வந்திருப்பேனே என்று ஆத்திரத்தில் கேட்டேன். என்னவர் அசரவில்லை.

“ரெண்டு பேர் ட்யூட்டியிலயும் வரலை. நடுவுல வந்தா அதுக்கு யாரு பொறுப்பு?”

ரிலீவர் இல்லாத வேலை

மறுநாள் காலை நார்கொண்டம். கடலிலிருந்து நேரே எழும்பிய பச்சை மலை. இறங்க அனுமதி இல்லை. அங்கே காவலிருக்கும் போலீஸ்காரர்களுக்குச் சாமான் இறக்கும் அரைமணி நேரம்தான் கப்பல் நிற்கும். மேலே ஏறி நின்றேன். முதலில் என்னவருக்குத் துண்டு வேண்டியிருந்தது, இறங்கினேன். பிறகு கலியபெருமாளுக்குத் தலைவலி மாத்திரை. பத்து நிமிஷம் போயிற்று. மூன்றாவதாக, பைனாகுலரை இறக்காமலே என்னவர், “அப்படியே ஒரு காபி கலந்துட்டு வாயேன்” என்றார்.

நோட்டைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

“உங்க ஷிப்ட் முடிஞ்சுது. பைனாகுலரைக் குடுங்க. இப்ப கீழே உங்க ட்யூட்டி.”

“எனக்கு அங்கே எது எங்கே இருக்குன்னே தெரியாதே!”

“கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இன்னுமா ட்ரெய்னிங்?”

கையெழுத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர், இறங்கிப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சரோஜா என் பக்கத்தில் வந்து நின்றாள். மரங்களுக்கு மேலே ஏதோ அசைந்தது. செம்பழுப்புத் தலை, கறுப்பு உடம்பு, வெள்ளை வால், பெரிய அலகு. பின்னாலேயே கறுப்பாக அதன் ஜோடி. இரண்டும் எங்கள் தலைக்கு மேலேயே வந்து திரும்பின. பைனாகுலரை மறந்து அண்ணாந்து பார்த்தேன். முதலில் கத்தியது சரோஜாதான்.

“யக்கா, எறக்கைச் சத்தமே ரயிலாட்டம் வருதே! ஆட்டை உடு, இதுக்கு இன்னும் மூணு நாளுகூட வாந்தி எடுக்கலாம்.”

உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவையைப் பார்க்க, எங்கள் வீட்டில் அதுவரை இல்லாத ரிலீவரை முதலில் உண்டாக்க வேண்டியிருந்தது; அந்த ரிலீவர் கீழேயிருந்து மூன்றாம் முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்:

“விமலா, சர்க்கரை எந்த டப்பாவுலன்னு மட்டும் சொல்லிடேன்!”