ஒழுகுகிற ரப்பர்

பட்டறைத் தெருவில் அவனுக்குச் சொட்டு என்று பெயர். டீசல் நாசில் பழுது பார்க்கிறவன். லாரி இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் விரல் நீள இரும்புக் குழல்தான் நாசில். அதை மேசையில் பூட்டிக் கைப்பிடியை அழுத்தினால் டீசல் புகையாகப் பூத்து விழ வேண்டும். அழுத்தாதபோது நுனி காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தொங்கினாலும் அவனுக்குப் பொறுக்காது. கழற்றுவான், தேய்ப்பான், மாட்டுவான், மறுபடி கழற்றுவான். வீட்டில் குழாய் சொட்டினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். ஒருமுறை விருந்துக்குப் போன வீட்டில் ஸ்பேனர் கேட்டு மனைவியின் மானத்தை வாங்கினான்.

மனைவி சரக்குக் களத்தில் கிரேன் ஓட்டுகிறவள். காலை ஆறு மணிக்கு ஏணியில் ஏறினால் பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. பாதி ஷிப்டு முடியும்வரை இறங்க வழியில்லை. பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை சேர வேண்டும். மகளுக்கு நாலு மாதம். காலையில் குழந்தை அவன் பொறுப்பு, இரண்டு மணிக்கு அவள் வந்ததும் அவன் பட்டறைக்குப் போவது என்று ஏற்பாடு. அதனால் பால் புட்டி வாங்குவதும் அவன் தலையில் விழுந்தது.

"பாத்து வாங்குங்க. கடையில போய் ரிப்பேர் பண்ணிட்டு நிக்காதீங்க."

புதன்கிழமை குழந்தைச் சாமான் கடையில் ஒரு மணி நேரம் நின்றான். பால் எடுக்கும் கைப்பம்பை ஒரே அழுத்தில் பிடித்துப்போயிற்று. வால்வு சுத்தமாக உட்கார்ந்தது. புட்டி கண்ணாடியா பிளாஸ்டிக்கா, கழுத்து அகலமா ஒடுக்கமா, உள்ளே பிரஷ் போகுமா என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைக்காரப் பெண்மணி புட்டி வாயில் மாட்டும் ரப்பர் காம்பு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"தாய்ப்பால் குடிச்ச பிள்ளைக்கு மொதல்ல இதான். மெதுவா வரும்."

தண்ணீர் கேட்டு வாங்கி, மாட்டிக் கவிழ்த்தான். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"ஒழுகுதேக்கா!"

"ஒழுகல தம்பி. அப்படித்தான் வரும்."

அவன் கை தானாக அடுத்ததற்குப் போனது. நுனியில் சிறு கீறல் மட்டும் இருந்தது. கவிழ்த்தான், ஒரு சொட்டு இல்லை. புட்டியை அமுக்கினான். தண்ணீர் பீறிட்டு எதிர் அலமாரிக் கண்ணாடியில் அடித்தது. அவன் முகம் மலர்ந்தது.

"இது கெட்டியாக் கரைச்சுக் குடுக்கறதுக்கு. பெரிய பிள்ளைங்களுக்கு."

"பரவால்லக்கா. இதான் சரக்கு."

"நீங்க தண்ணியில முக்கினத நான் யாருக்கு விக்கிறது? ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க."

ஒழுகுகிறது சமையலறை இழுப்பறைக்குப் போயிற்று.

வியாழக்கிழமை மனைவி பம்பில் பால் எடுத்துக் கொடுத்தாள். அரை மணி நேரம் பிடித்தது. அவன் வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, மகளை மடியில் போட்டான். அவள் வாய் திறந்தாள், ஒரு இழுப்பு இழுத்தாள், கண் பிதுங்க இருமினாள். பால் காதோரம் ஓடிக் கழுத்துக்குள் இறங்கியது. அடுத்த முறை ரப்பர் உதட்டில் பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை புட்டியைக் கண்டதுமே அழுதாள்.

பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர் காரணம் கண்டுபிடித்தார்.

"மாப்ளே, உன் கையில டீசல் நாத்தம். நானே உன்கிட்ட டீ வாங்கிக் குடிக்க யோசிப்பேன். பச்சப் பிள்ள என்ன பண்ணும்?"

முழங்கைவரை சோப்புப் போட்டான். எலுமிச்சை தேய்த்தான். புட்டியை மாற்றினான், சட்டையை மாற்றினான், நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினான். ஒரு இடத்தில் நிற்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். சனிக்கிழமை மாலை கொட்டின பாலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

"நாளைக்குச் சாயங்காலம் மேஸ்திரிக்குப் போன் பண்ணிடறேன்."

"எதுக்கு?"

"கீழ நின்னு கிரேனுக்குக் கொடி காட்டற வேலை தரச் சொல்லி. அதுன்னா நடுவுல ஓடி வந்துட்டுப் போலாம். என் கூண்டுல ஏற ஒருத்தன் நாக்கத் தொங்கப் போட்டுட்டு இருக்கான். ஏறட்டும்."

அந்தக் கூண்டுக்காக அவள் ஆறு வருஷம் கீழே கொடி காட்டியவள். அவனுக்குத் தெரியும். சொட்டாத குழாயைப் போய் இறுக்கினான்.

ஞாயிறு மத்தியானம் அவள் கட்டிலில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டுக் காதை வைத்தான்.

"என்ன, இன்ஜின் சத்தம் கேக்கறீங்களா?"

"பேசாத."

இழுப்பு, இழுப்பு, மடக்கு. பிறகு ஒன்றுமில்லை. மூச்சு. மறுபடி இழுப்பு, இழுப்பு, மடக்கு. நின்றபோது எதுவும் மகளை அவசரப்படுத்தவில்லை. வேண்டும்போது இழுத்தாள், வேண்டாதபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா கிடந்தாள்.

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பம்பு இவதான்!"

"என்னது?"

"பட்டறையில பின்னாலேர்ந்து அமுக்குவோம். இங்க முன்னாலேர்ந்து இவ இழுக்கறா. நான் பம்ப விட்டுட்டு நாசில மட்டும் டெஸ்ட் பண்ணிருக்கேன். இவ இழுத்ததும் அந்தக் கீறல் மொத்தமாத் திறந்து தொண்டையில பீய்ச்சிருக்கு."

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என்னை டெஸ்ட் பண்ணல."

இழுப்பறையில் திறப்பான்களுக்கும் தீப்பெட்டிக்கும் அடியில் அந்த ரப்பர் கிடந்தது. கொதிக்கவைத்தான். அஞ்சு நிமிஷம் போதும், பத்து வைத்தான். அடுத்த வேளைக்கு, தாயின் வாடை இருக்கக்கூடாது என்று அவளை வெளியே அனுப்பினான். அவள் செல்போனும் கையுமாக மாடிப்படியில் உட்கார்ந்தாள். மேஸ்திரியின் எண் திரையில் இருந்தது.

இந்த முறை குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி, புட்டியைப் படுக்கைவசமாகப் பிடித்தான். கவிழ்க்க வேண்டும் என்று கை அரித்தது. ரப்பர் நுனியில் ஒரு சொட்டு உருண்டு தொங்கியது. அதைத் துடைக்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டான். மகளின் உதடு அதைத் தொட்டது. முகம் சுளித்தாள். நாக்கு வெளியே வந்து நக்கிற்று. இழுப்பு, இழுப்பு.

மூன்று வாய் குடித்தாள். தள்ளினாள். மறுபடி எட்டு வாய். அதற்கு மேல் அழுகை.

கதவைத் திறந்தவள் புட்டியைத்தான் முதலில் பார்த்தாள்.

"கால் பங்கு," என்றான்.

"கால் பங்கா?"

"கீழ சிந்தல. எல்லாம் உள்ள போச்சு."

அவள் கொஞ்சநேரம் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். பிறகு கூண்டேறப் போடும் பூட்ஸைத் தேடப் போனாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அரைப்புட்டியோடு நிறுத்திக்கொண்டாள் மகள். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சரக்குக் களத்தின் கம்பிவேலிக்கு நடந்தான். அந்த உயரத்தில் கூண்டு தீப்பெட்டியாகத் தெரிந்தது. கூண்டில் செல்போன் கூடாது. அவள் கீழே பார்க்கிறாளா என்றும் தெரியவில்லை.

புட்டியை எடுத்தான். மீதிப் பாலைத் தரையில் ஊற்றிவிட்டுக் காலிப் புட்டியைக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ரப்பர் மாட்டிய மூடியில் கைகூட வைத்துவிட்டான். அரை மணி நேரம் பம்பை அழுத்தி அவள் எடுத்த பால். மூடியை இறுக்கினான். இருந்தது இருந்தபடியே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். அங்கிருந்து பார்த்தால் குடித்தது அரையா முழுசா என்று யாருக்குத் தெரியும்.

கிரேன் ஒலியெழுப்பியது. சுமை திரும்பும்போதெல்லாம் எழுப்புவதுதான். இருந்தாலும் அவன் கையை இறக்கவில்லை. ரப்பர் நுனியில் தங்கியிருந்த ஒரு சொட்டு வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது. துடைக்காமல் நின்றான்.