பொலிக்கு விழுந்த அறை

சாப்பாட்டைப் பேரன் “செம” என்றான். “படத்திலை வாற இந்தியப் பேச்சு வீட்டிலை வேண்டாம்” என்று என் மகன் அவனைப் பளாரென்று அறைந்தான். எரிந்தது என் கன்னம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானில் வந்து குடியேறினோம். நெற்கதிர் சூடடிக்கும் களத்தில் நெல்லை ‘நெல்’ என்றால் விளைச்சல் குறையுமாம். ‘பொலி’ என்பதுதான் வன்னி வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியப்பாவிடம், “பொலி தூத்தியாச்சு” என்றேன்.

“பெட்டை காட்டுச்சனத்தின்ரை பேச்சுப் பழகிட்டாள்” என்று சிரித்தார். வைக்கோல் தூசு ஒட்டிய கையால் அப்பா என்னை அறைந்தார்.

மறுநாள் களத்தில் பயந்துபோய் “நெல்லு” என்றேன். “வாயைப் பொத்தடி! பொலி எண்டு சொல்லு” என்று உறுமியவரும் அதே அப்பாதான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மகன் மறுபடியும் கை ஓங்கினான்.

“கையை இறக்கடா! உன்ரை உடுப்புக் கடையிலை பெடியளுக்குச் சேட்டுக் காட்டேக்கை நீயும் ‘செம’ எண்டுதானே விக்கிறாய்?”