தொட்டது தெரியாத கால்

வள்ளி இருந்தாள். மும்தாஜ் அக்கா இருந்தாள். என் அண்ணி அஞ்சலை இருந்தாள். பாண்டியிலிருந்து வரும் டீச்சர் இருந்தார். நான் இருந்தேன். இன்னும் நாலைந்து பெண்கள். பேர் ஞாபகம் இல்லை.

போன வாரம் சுகர் முகாமில் நர்ஸம்மா என் உள்ளங்காலில் நைலான் நரம்பு ஒன்றை வைத்து அழுத்தி, "தெரியுதாம்மா?" என்றார். தெரிந்தது. அப்போதுதான் இவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்தில் வந்து நின்றார்கள்.

சுனாமிக்கு மறுவருஷம். மரக்காணத்துக்கு அரிசி வந்தது, பாய் வந்தது, யாரோ உடுத்திய சேலை வந்தது. கடைசியில் டீச்சரின் இந்த வகுப்பும் வந்தது. உப்பளத்து வேலை முடித்து, சோறு தின்று, மூன்று மணிக்கு உப்பு மூட்டை அடுக்கும் ஷெட்டில் ஓரமாகப் பாய் போட்டுப் படுக்க வேண்டும். யோகா இல்லை, டான்ஸும் இல்லை. மெதுவாகக் கையைத் தூக்கு, மெதுவாக இறக்கு, உடம்பு என்ன சொல்கிறது என்று கேள் என்பார் டீச்சர். விடியற்காலையிலிருந்து உப்பு வாரிய உடம்பு தூங்கு என்றுதான் சொல்லும். முதல் நாளே நான் குறட்டை விட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். வள்ளிக்கும் வந்தது.

டீச்சரிடம் எலுமிச்சை சோப்பு வாசனை. எங்களிடம் சேற்று வாசனை. அதனால்தான் ஒருநாள் அவர் எங்கள் பாதத்தைத் தொட வந்ததும் மும்தாஜ் அக்கா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். டீச்சர் விடவில்லை. கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

அண்ணி முறை வந்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "இன்னும் தொடவே இல்லியே டீச்சர்" என்றாள்.

டீச்சர் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிரித்தோம். "உப்புக்காலு டீச்சர் அது. ஒறைச்சா பாத்தியில எறங்க முடியுமா?" என்றாள் வள்ளி. எங்களுக்குள் அது பெருமை. புதிதாக வருகிறவள் கால் எரிகிறது என்று அழுவாள். மரத்துப்போனவளைத்தான் மேஸ்திரி முதலில் கூப்பிடுவார். டீச்சர் சிரிக்கவில்லை. சர்க்கரையாக இருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணி கேட்டாள். "நாளைக்கு பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடவா?"

எங்கள் அளத்தில் ஜோடியாகத்தான் வேலை. ஒருத்தி வார, ஒருத்தி சுமக்க. ஜோடி வராவிட்டால் மற்றவளும் கூலி இல்லாமல் திரும்ப வேண்டியதுதான். என் ஜோடி அண்ணி.

"நம்ம காலெல்லாம் அப்படித்தான் அண்ணி. மழை வந்து அளம் நிக்கட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

"சரி" என்றாள். அப்புறம் கேட்கவில்லை.

ஒருநாள் சிப்பி குத்திப் பாதம் கிழிந்திருந்தது. கரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. உப்புத் தண்ணியிலேயே கழுவிவிட்டு, "பாரேன், எரியவே இல்ல" என்று காட்டினாள். துணி சுற்றிக் கட்டினேன். மறுபடி இறங்கினோம்.

நாற்றம் எடுத்த பிறகுதான் பாண்டிக்குப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வகுப்பு அந்த வருஷத்தோடு நின்றது. ஷெட்டைப் பிரித்துத் தகரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். டீச்சர் எங்கே இருக்கிறாரோ. அண்ணி மூன்று வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை.

டீச்சர் சொன்ன பிறகு அவள் என்னோடு பாத்தியில் இறங்கிய நாட்களை எண்ணிவைத்திருக்கிறேன். நாற்பத்தொன்று.