கண்ட்ரோல் ஆர்முக்குக் கட்டிய காப்பு

இன்று எஹலியகொடயில் என் லேத் பட்டறைக்கு தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஒரு லொறியின் டிரைவர் வந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்ம் ஒன்று புதிதாகச் செய்ய வேண்டுமாம்.

அதில் பொருத்தும் புஷ் என்கிற உலோக வளையத்தை லேத்தில் கடையும்போது கிட்டே வந்து குனிந்தார். மணிக்கட்டில் கோயில் காப்புக் கயிறு தொங்கியது. மெஷினை நிறுத்தினேன்.

"அண்ணே, கயிறு சுத்திக்கிட்டா கையே போயிரும். கழட்டுங்க."

"விபத்து வரக்கூடாதுன்னு கட்டினது பாஸ். கழட்ட மாட்டேன்."

"அப்போ வெளிய நில்லுங்க."

வேலை முடியும்வரை வாசலிலேயே நின்றார்.

புது ஆர்மைப் பூட்டிக் கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிறகு தானாகவே கயிற்றைக் கழற்றி, லொறிக்கடியில் படுத்து, நான் செய்த ஆர்மில் கட்டினார்.

"இனிமே இதுக்குத்தான் காப்பு வேணும் பாஸ்."

சுற்றுகிற லேத்துக்குப் பயப்படாதவர் என் கைவேலைக்குப் பயப்படுகிறார். நான் கோபப்படலாமா, சொல்லுங்கள்.