டாக்டர் கேட்ட பெயர்

ஆயுத பூஜைக்கு எங்கள் இரும்புப் பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசுவோம். தகட்டைக் கவ்வித் தூக்கும் கிளாம்பையும் விடமாட்டோம். பூசியதைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்பது வழக்கம். பூஜை கழிந்து வேலை தொடங்கிய அன்று முதல் தகடே அந்தக் கிளாம்பிலிருந்து வழுக்கி விழுந்தது. கீழே நின்றவன் நான். விளிம்பு மட்டும் தலையை உரசிக்கொண்டு போனதாம். நேராக விழுந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

தையல் பிரித்து நீலசந்திரா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என் மனைவியின் பெயர் எனக்கு மறந்துபோயிருந்தது. பிள்ளைகள் பெயர், மேஸ்திரி பெயர், அவர் திட்டும் வார்த்தைகள்கூடப் பத்திரமாக இருந்தன. இவள் பெயரை மட்டும் காணோம். கல்யாணமானதிலிருந்து "இந்தா" என்றே கூப்பிட்டு வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யாரைப் போய்க் கேட்பது? தெரு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

மூளை சரியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி வேலை. இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளும் கூட வந்தாள். கன்னடக்கார டாக்டர் எங்களோடு தமிழிலேயே பேசினார். கிழமை கேட்டார், பிள்ளைகள் பெயர் கேட்டார். சொன்னேன்.

"சம்சாரம் பேரு?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏனப்பா, நாச்சிகெயா? வெக்கப்படாம சொல்லு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அதெல்லாம் சொல்ல மாட்டாருங்க டாக்டரே. ஒரு நாளும் சொன்னதில்ல."

டாக்டரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வேலை கிடைத்துவிட்டது. எனக்கோ பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அவ்ளோ கேட்டும் சொல்லலியே நீ!" என்று வழியெல்லாம் பூரித்துப்போய், வீட்டுக்குக்கூடப் போகாமல் என்னைக் கோயிலுக்கு இழுத்துச் சென்றாள். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டார். என் பெயரைச் சொல்லி நிறுத்தினேன்.

"அம்மா பேரு?" என்று அவளைக் காட்டினார்.

அவள் என் வாயையே பார்த்தபடி நின்றாள். இங்கேயாவது சொல்வேன் என்று ஆசைப்பட்டிருப்பாள். நான் பேசவில்லை என்றதும், இதிலும் வெட்கமா என்பதுபோல் சிரித்துவிட்டுத் தானே மெல்லச் சொன்னாள்.

காதில் விழுந்தால் போதும், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் போலத்தான் இருந்தது. நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.