மீனாட்சி யானையை அவுட்டாக்கிய நாள்

சர்க்கஸில் எனக்குக் கிடைத்த முதல் வேலை யானைக்குப் பந்து போடுவது. எழுபதுகளில், எங்கள் ஊர்ப் புத்தரிக்கண்டம் மைதானத்தில் கூடாரம் அடித்திருந்த ஒரு கம்பெனி. பி.ஏ. முடித்துவிட்டு வலியசாலைத் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, கிளப்பில் ஸ்பின் போடுகிறவன் என்ற ஒரே தகுதியில் வந்த வேலை. வீட்டில் "ஸ்போர்ட்ஸ் செக்‌ஷன்" என்று சொல்லிவைத்தேன். பொய் இல்லையே!

ஐட்டம் இதுதான். மீனாட்சி என்ற யானை தும்பிக்கையில் பேட்டைப் பிடித்து ஸ்டம்புக்கு முன்னால் நிற்கும். நான் ரப்பர் பந்தைப் போடுவேன், அது அடிக்கும். பந்து கேலரிக்குப் போகும், கூட்டம் கத்தும்.

மேட்னி

பேண்டு முழங்க ஓடி வந்தேன். அத்தனை ஜனத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? என் ஆஃப் ஸ்பின்னைப் போட்டேன். விரித்திருந்த கயிற்றுப் பாயில் குத்தித் திரும்பிய பந்து, நடு ஸ்டம்பைச் சாய்த்தது. நான் கையைத் தூக்கி "ஹவுஸ் தட்!" என்று கத்தினேன். கேலரி மொத்தமும் யானையைப் பார்த்து ஊளையிட்டது. மீனாட்சி பேட்டைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டது.

மேனேஜர் தலசேரிக்காரர். தமிழ் வரும், கோபத்தில் இன்னும் நன்றாக வரும்.

"எடோ, ஆனையை அவுட்டாக்கவா உன்னை எடுத்தேன்? ஜனங்க டிக்கெட் எடுத்து வர்றது ஆனை ஜெயிக்கறதைப் பாக்க! சாயங்காலம் அது விளையாடலைன்னா நீ நாளைக்கு வர வேண்டா, கேட்டோ?"

மாலைக் காட்சிக்கு அம்மாவுக்கு வேறு பாஸ் கொடுத்திருந்தேன். ஒரு சீப்பு பழத்தோடு மீனாட்சியிடம் போனேன். முழுவதையும் தின்றுவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டி நின்றுகொண்டது.

பாகன் திருநெல்வேலிக்காரர். "பழம் திம்பா தம்பி. அதுக்காவ கோவத்த விட்ருவாளா?" என்றார்.

மாலைக் காட்சி

முன் வரிசையில் அம்மா. நேராக, மெதுவாக, குழந்தைக்குப் போடுவதுபோலப் போட்டேன். மீனாட்சி அடிக்கவில்லை. பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தது. பேட்டை என் காலடியில் போட்டது. பந்தைத் தும்பிக்கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றது.

இனி அது பந்து போடும், நான் அடிக்க வேண்டும்! பேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டம்புக்கு ஓடினேன். தும்பிக்கையைச் சுழற்றி ஒரு வீச்சு. நான் பேட்டைத் தூக்குவதற்குள் மூன்று ஸ்டம்பும் பறந்தன. மீனாட்சி தும்பிக்கையை உயர்த்திப் பிளிறியது. கூடாரமே எழுந்து நின்று ஆரவாரித்தது. மேனேஜர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நாளைக்கும் இதுபோல அவுட் ஆவியாடோ?"

"ஆவேன் சார்!"

அதன்பின் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய், காட்சிக்குக் காட்சி மீனாட்சியிடம் சந்தோஷமாக அவுட் ஆனேன். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: கூட்டம் யாருடைய வெற்றியைப் பார்க்க வந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த முதல் நாள் காட்சி முடிந்ததும் கூடார வாசலில் அம்மா காத்திருந்தாள்.

"ஸ்போர்ட்ஸ் செக்‌ஷன்னா இதானாடா?"

"ஆமாம்மா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நன்னா அவுட் ஆறேடா! நாளைக்கு எதிராத்து மாமியையும் அழைச்சுண்டு வரேன், பாஸ் வாங்கி வை."

கிளப்பில் எத்தனையோ விக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மா மெச்சிக்கொண்டது நான் பறிகொடுத்த இந்த ஒன்றைத்தான்.